முதல் சம்பளம் கைக்கு வரும்வரை

(வெளியிடங்களுக்கு வேலைக்குப் புறப்படும் இளைஞர் யுவதிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய வீடுகளிலிருந்து பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் பியகமவுக்கும் போயிருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலை, புடவைக்கடை, ஹோட்டல், செக்கியூரிட்டி, கட்டட வேலை என்று பல இடங்களில் உழைக்கிறார்கள். இன்னும் சிலர் படிப்பை முடித்துவிட்டு இந்த மாதமோ அடுத்த மாதமோ புறப்பட இருக்கிறார்கள். வேலை கிடைப்பது சந்தோஷம்தான். ஆனால் வேலை கிடைத்த நாளுக்கும் முதல் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கடன் பிறப்பது அந்தப் பள்ளத்தில்தான். அதைப் பற்றித்தான் இன்று நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காத்திருப்பது வேறு, தாமதம் வேறு. மாதச் சம்பள வேலையில் சேர்ந்தவர் மாதம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதற்கு நாம் தயாராக வேண்டும். சம்பள நாள் கடந்த பிறகும் காசு வராவிட்டால், அது தாமதம். அதை நாம் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் பிள்ளைகள் கேட்க வேண்டிய நேரத்தில் பொறுத்துக்கொள்கிறார்கள். தயாராக வேண்டிய விஷயத்துக்குத் தயாராகாமலும் போகிறார்கள்.

கடனோடு தொடங்கிய வரலாறு

இது எங்களுக்குப் புதிய பிரச்சினை அல்ல. எங்கள் முப்பாட்டன்மார் இந்த மலைக்கு வந்தபோதே கடனோடுதான் வந்தார்கள். ஊரிலிருந்து புறப்படக் கங்காணி கொடுத்த முற்பணம், கப்பல் செலவு, வழிச் செலவு எல்லாம் அவர்கள் பேரில் எழுதப்பட்டன. ஒரு நாள் வேலை செய்வதற்கு முன்பே கணக்கில் கடன் ஏறிவிட்டது. கோப்பித் தோட்டக் காலத்தில் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. மாதக்கணக்கில் நிலுவை போட்டார்கள். சம்பளம் வராத மாதங்களில் அரிசிக்கும் துணிக்கும் மறுபடி கடன்.

பிறகு வந்தது ‘துண்டு’ முறை. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமென்றால், அவர் பேரில் இருக்கும் கடன் ஒரு துண்டுக் கடிதத்தில் எழுதப்படும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் அவர் போகலாம். அந்தத் துண்டு முறையை 1921 ஆம் ஆண்டின் சட்டம்தான் ஒழித்தது.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று துண்டு என்றால் நாங்கள் சம்பளத் துண்டைச் சொல்கிறோம். ஆனால் ஒரு பிள்ளை முதல் சம்பளம் வருவதற்குள் நாற்பதாயிரம் கடன்பட்டு, அந்தக் கடனுக்காகவே பிடிக்காத இடத்தில் தலை குனிந்து நிற்கிறதென்றால், பழைய துண்டு வேறு உருவத்தில் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கடன்பட்ட ஆள் கேள்வி கேட்கமாட்டார். ஓவர்டைம் காசு குறைந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். அதனால்தான் சங்கம் இதைக் குடும்ப விஷயம் என்று விட்டுவிடாமல், தொழிற்சங்க விஷயமாக எடுத்துப் பேசுகிறது.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம், தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் உரியது அல்ல. ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், பாதுகாப்புச் சேவை போன்ற தொழில்களுக்கும் சம்பள நிர்ணய சபைகள் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின்படி சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. வாரச் சம்பளம் என்றால் வாரம் முடிந்து 3 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு வாரச் சம்பளம் என்றால் 5 நாட்களுக்குள். மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து 10 நாட்களுக்குள். தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம் என்று நாங்கள் பழகியிருக்கிறோமே, அந்தப் பத்து நாள்தான்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. அங்கேயும் மாதச் சம்பளத்துக்கு அதே பத்து நாள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய ஆளுக்குப் பத்து நாள், புது ஆளுக்கு நாற்பது நாள் என்று சட்டத்தில் இல்லை. முதல் மாதச் சம்பளத்தை ‘டிபோசிட்’ ஆக நிறுத்தி வைக்கலாம் என்றும் இல்லை. தகுதிகாண் காலம், டிரெயினிங் காலம் என்று எந்தப் பெயர் வைத்தாலும், உழைத்த நாளுக்கு உரிய சம்பளம் உரிய நாளில் வர வேண்டும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளை ஜூன் 1 ஆம் திகதி வேலையில் சேருகிறது. கம்பனி மாதத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கணக்குப் பார்க்கிறது. அப்படியானால் ஜூலை 10 ஆம் திகதிக்குள் சம்பளம் வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது நாள். இது சட்டத்துக்கு உட்பட்ட காத்திருப்பு. இந்த நாற்பது நாளுக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு பிள்ளை ஜூன் 12 இல் சேருகிறது. அந்தக் கம்பனி 21 ஆம் திகதியிலிருந்து அடுத்த மாதம் 20 ஆம் திகதி வரை கணக்குப் பார்க்கிறது. அப்படியானால் ஜூன் 20 வரை இருக்கும் ஒன்பது நாட்களின் கணக்கு ஜூன் 30 க்குள் கைக்கு வர வேண்டும். ஆனால் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள்? “புது ஆள் தானே, பேர் இன்னும் கம்பியூட்டரில் ஏறவில்லை. அடுத்த மாதம் சேர்த்துப் போடுவோம்” என்பார்கள். சொல்கிறவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த ஒன்பது நாள் காசுக்காகப் பிள்ளை ஜூலை 30 வரை, நாற்பத்தெட்டு நாள் நிற்க வேண்டும். இதுதான் தாமதம். சேர்த்துப் போடுவது உதவி அல்ல, நம்முடைய காசை ஒரு மாதம் பிடித்து வைப்பது.

தோட்டத்திலும் இதே கதைதான். 25 ஆம் திகதி ஒரு பிள்ளைக்குச் செக்ரோலில் பேர் பதிந்தால், அந்த ஐந்தாறு நாள் பேரும் பத்தாம் திகதிச் சம்பளத்தில் வர வேண்டும். வந்ததா என்று பாருங்கள். வந்தால் அரைப் பேராக வந்ததா, முழுப் பேராக வந்ததா என்றும் பாருங்கள். அந்தச் சம்பளத்தை வேலை செய்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். புதிதாகப் பேர் பதிந்த பெண் பிள்ளையின் சம்பளத்தை வீட்டு ஆண்கள் வாங்கிக்கொண்டு வரும் பழக்கம் இன்னும் இருந்தால், அதை முதல் மாதத்திலேயே நிறுத்துங்கள். முதல் மாதத்தில் தொடங்கும் பழக்கம்தான் பிறகு வழக்கமாகிவிடுகிறது.

நாற்பது நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

பிள்ளையை அனுப்பும்போது நாங்கள் என்ன கணக்குப் பார்க்கிறோம்? பஸ் காசு, ஒரு பேக், இரண்டு உடுப்பு, கையில் ஐயாயிரம். “சம்பளம் வந்துவிடும், சமாளித்துக்கொள்” என்று சொல்லி பஸ் ஏற்றிவிடுகிறோம். இந்தக் கணக்கு சரிவருமா?

ஒரு உதாரணத்துக்குப் பார்ப்போம். தொகைகள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். போடிங்கில் ஒரு பிள்ளையின் பங்கு மாதம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸாக அதே அளவு 6,000 கேட்கிறார்கள். முதல் மாத வாடகை 6,000. முப்பது நாள் முடிந்ததும் இரண்டாம் மாத வாடகை 6,000. இந்த மூன்றும் முதல் சம்பளத்துக்கு முன்பே வந்துவிடும். சாப்பாடு ஒரு நாளைக்கு 500 என்றால் நாற்பது நாளுக்கு 20,000. சவர்க்காரம், போன் கார்ட், பஸ், மருந்து என்று ஒரு 3,000. மொத்தம் 41,000.

வரும் சம்பளம் எவ்வளவு? 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் பங்கு 8 வீதம், அதாவது 2,400 கழியும். கையில் 27,600. வருகைக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு என்று ஆள் சேர்க்க வந்தவர் சொன்ன பெரிய தொகையெல்லாம் முதல் மாதத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆக, செலவு 41,000, வரவு 27,600. சம்பளம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்தாலும் 13,400 குறைகிறது. சம்பளமும் பிந்தினால் என்ன ஆகும்?

அப்போதுதான் வீட்டுக்கு போன் வருகிறது. “அம்மா, இன்னும் சம்பளம் போடலம்மா. போடிங் அக்கா காசு கேக்குறாங்க.” அம்மா ஓடிப்போய் வட்டிக்கு வாங்குகிறார். நூற்றுக்குப் பத்து மாத வட்டியென்றால் நாற்பதாயிரத்துக்கு மாதம் நாலாயிரம். ஆறு மாதத்தில் இருபத்து நாலாயிரம் வட்டி மட்டுமே கட்டியிருப்போம். முதல் அப்படியே இருக்கும். பிள்ளை வேலைக்குப் போனது குடும்பத்தைத் தூக்கிவிட. ஆனால் முதல் ஆறு மாத உழைப்பில் ஒரு பங்கு வட்டிக்காரரிடம் போய்விடுகிறது.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

வேலை சரி என்று சொல்வதற்கு முன், ஆறு கேள்விகளைக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஒன்று, சம்பளம் கொடுக்கப்போவது யார்? ஆடைத் தொழிற்சாலை வாசலுக்குள்தான் வேலை, ஆனால் சம்பளம் கொடுப்பது ஆள் சப்ளை செய்யும் ஒரு மேன்பவர் கம்பனி. இப்படிப் பல இடங்களில் இருக்கிறது. சம்பளம் வராவிட்டால் தொழிற்சாலை, மேன்பவர்காரரைக் கைகாட்டும், அவர் தொழிற்சாலையைக் கைகாட்டுவார். அதனால் சம்பளம் கொடுப்பவரின் பெயரும் முகவரியும் உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, சம்பளக் கணக்கு எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை? மூன்று, சம்பள நாள் எது? இந்த இரண்டு பதிலும் கிடைத்தால் முதல் சம்பளம் எப்போது வரும், எத்தனை நாளுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

நான்கு, டிரெயினிங் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? எவ்வளவு? ஐந்து, சீருடை, சாப்பாடு, தங்குமிடம் என்று எதெல்லாம் கழிப்பார்கள்? ஆறு, அவசரம் என்றால் சம்பள முற்பணம் கொடுப்பார்களா? எத்தனையாவது நாளில்?

இந்தப் பதில்களை நியமனக் கடிதத்தில் பாருங்கள். கடை, அலுவலக வேலைகளில் வேலை விபரங்களை எழுத்தில் கொடுப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. மற்ற வேலைகளிலும் கடிதம் கேளுங்கள். கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வெட்கப்படாமல் போனில் படம் பிடித்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நாங்கள் வாசித்துச் சொல்கிறோம். விளங்காத கடிதத்திலும், தொகை எழுதாத வவுச்சரிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்குச் சம்பள நிர்ணய சபை இல்லை. அதனால் போகும் முன்பே சம்பள நாள், தொகை, லீவு மூன்றையும் பேசி, ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். “ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறோம்” என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதாமாதம் வாங்குங்கள்.

பேரும் புத்தகமும் சரியாக இருக்கட்டும்

முதல் சம்பளம் பிந்துவதற்குப் பல நேரம் காரணம் ஒரு தாள்தான். வங்கிப் புத்தகம் இல்லை. இருந்தால் அது அப்பா பேரில். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. எங்கள் ஆட்களின் பேரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்பாவின் பேர் பிள்ளையின் பேராகி, இனிஷல் இடம் மாறி நிற்கும். இந்தப் பேர்ப் பிழை முதலில் சம்பளத்தைப் பிந்தவைக்கும். முப்பது வருடம் கழித்துச் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதும் வழியில் நிற்கும்.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே பிள்ளையின் சொந்தப் பேரில் வங்கிக் கணக்குத் திறந்துவிடுங்கள். அடையாள அட்டையில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். கணக்கு இலக்கத்தை வாயால் சொல்லாமல், புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுங்கள்.

சேமலாப நிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். 30,000 சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டியது 3,600 உம் 900 உம். இது நிரந்தரமான பிறகுதான் என்று சில இடங்களில் சொல்வார்கள். அது சரியல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. முதல் சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா, 8 வீதம் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாற்பது நாள் காசை எங்கிருந்து எடுப்பது? வழி லேசானதல்ல என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

பிள்ளை ஓ.எல். எழுதி முடித்த நாளிலிருந்தே, வேலைக்குப் போவதை எண்ணிக் குடும்பம் ஒரு சீட்டில் சேரலாம். லயத்தில் சீட்டுப் பிடிக்கிறவர்கள், பிள்ளை வேலைக்குப் புறப்படும் வீட்டுக்கு அந்த மாதத்து எடுப்பை விட்டுக்கொடுக்கலாம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் விட்டுக்கொடுக்கிறோமே, இதற்கும் கொடுக்கலாம்.

ஒரே டிவிஷனிலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் ஒரே போடிங் அறை, ஒரே அடுப்பு. கடைச் சோறு மூன்று வேளை வாங்குவதைவிடச் சேர்ந்து சமைத்தால் செலவு நன்றாகக் குறையும். அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய்த்தூள் வீட்டிலிருந்து கட்டிக் கொடுங்கள். போடிங்காரரிடம் முதல் நாளே சம்பளத் திகதியைச் சொல்லி, இரண்டாம் மாத வாடகையைச் சம்பளத்துக்கு அடுத்த நாள் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். வாடகை நாள் கடந்த பிறகு போய்ச் சொன்னால்தான் கோபம் வரும்.

நகை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் வங்கி அடகுப் பிரிவில் வையுங்கள். நூற்றுக்குப் பத்து வட்டிக்குப் போகாதீர்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுக்காதீர்கள்.

வேலையிடத்தில் முற்பணம் கேட்பதிலும் தப்பில்லை. இருபதாம் நாள் முற்பணம் கேட்கும் பிள்ளை பிச்சை கேட்கவில்லை. இருபது நாள் உழைப்பு ஏற்கனவே முதலாளியின் கையில் இருக்கிறது. அதில் ஒரு பங்கைத்தான் கேட்கிறது. கேட்பதை எழுத்தில் கேளுங்கள், வாங்கிய தொகையைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வீடு திரும்பும் பஸ் காசைத் தனியாக மடித்து வைத்துக் கொடுங்கள். என்ன பசி வந்தாலும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையை, குறிப்பாகப் பெண் பிள்ளையை, யாரும் மிரட்டி வைத்திருக்க முடியாது.

சம்பள நாள் கடந்துவிட்டால்

பிள்ளைகளே, இது உங்களுக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சிறிய கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், ஓவர்டைம் எவ்வளவு என்று ஒவ்வொரு இரவும் எழுதுங்கள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது அம்மா கிலோவை மனதில் வைத்திருப்பாரே, அதைப்போலத்தான். கொப்பியில் இருந்தால் இன்னும் பலம்.

சம்பள நாள் வந்து காசு வரவில்லையா? முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு மட்டும் வரவில்லையா, எல்லோருக்குமே வரவில்லையா என்பது. உங்களுக்கு மட்டும் என்றால் கணக்கு இலக்கமோ பேரோ பிழையாக இருக்கலாம். அன்றே அலுவலகத்துக்குப் போய்த் திருத்துங்கள். திருத்திய பிறகு “அடுத்த மாதம்” என்று சொன்னால் ஏற்காதீர்கள். காசாகவோ காசோலையாகவோ இப்போதே தரும்படி கேளுங்கள். அலுவலகத் தாள் வேலைக்காகச் சட்டத்தின் பத்து நாள் நீளாது.

வாயால் கேட்டும் கிடைக்கவில்லையென்றால் எழுதிக் கொடுங்கள். பெரிய பாஷை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: “நான் இன்ன திகதி முதல் இன்ன பகுதியில் வேலை செய்கிறேன். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை நான் வேலை செய்த நாட்களுக்கு உரிய சம்பளம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அதை இன்ன திகதிக்குள் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.” திகதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கொடுப்பதற்கு முன் படம் பிடித்து வையுங்கள். ஒரே நிலையில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் சேர்ந்து போங்கள். தனியாகப் போகிறவரைப் பயமுறுத்துவது லேசு.

அதன் பிறகும் வராவிட்டால், வேலையிடம் இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தொழில் திணைக்களம் முறைப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. தமிழில் எழுதலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தொழில் அதிகாரிக்கு வேலையிடத்துக்குப் போய்ச் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. நியமனக் கடிதம், அடையாள அட்டைக் கொப்பி, உங்கள் கொப்பி, எழுதிக் கொடுத்த கடிதத்தின் படம் எல்லாம் கையோடு இருக்கட்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள்.

“கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களே?” என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். தகுதிகாண் காலத்தில் ஒருவரை நிறுத்துவது கம்பனிக்குச் சுலபம் என்பதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. ஆனால் ஆளை நிறுத்தினாலும், உழைத்த நாள் சம்பளத்தை நிறுத்த முடியாது. நீங்களாகவே விலகினாலும் அந்தக் காசு உங்களுடையதுதான். அதனால் கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வராதீர்கள். விலகல் கடிதம் கொடுத்து, வேலை செய்த நாள் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அநியாயமாக நிறுத்தினார்கள் என்றால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாத காலம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டு மறைத்து வைக்காமல் உடனே சங்கத்திடம் சொல்லுங்கள்.

கிளைகள் செய்ய வேண்டியது

இனி தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தை விட்டுப் போன பிள்ளை சங்கத்தை விட்டுப் போனதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு புத்தகம் வையுங்கள். வேலைக்குப் புறப்படும் பிள்ளையின் பேர், போன் இலக்கம், வேலையிடம், சம்பளம் கொடுப்பவரின் பேர், சேரும் திகதி, முதல் சம்பளம் வர வேண்டிய திகதி. இந்த ஆறும் போதும். அந்தத் திகதிக்கு அடுத்த நாள் ஒரு போன் எடுத்து, “சம்பளம் வந்துச்சாம்மா?” என்று கேளுங்கள். வந்திருந்தால் சந்தோஷம். வராவிட்டால் இரண்டாம் மாதம் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கலாம். ஒரே கம்பனிப் பெயர் மூன்று கிளைகளின் புத்தகத்தில் வந்தால், அது தனி ஆள் பிரச்சினை அல்ல என்று நமக்குத் தெரிந்துவிடும். அப்போது சங்கம் நேராகவே பேசும்.

எங்கள் முன்னோரின் கடனைக் கங்காணியின் புத்தகம் எழுதி வைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டிய சம்பளத்தைச் சங்கத்தின் புத்தகம் எழுதி வைக்கட்டும். இன்று இங்கே வந்திருப்பவர்களில் அடுத்த மாதம் புறப்படும் பிள்ளைகள் இருந்தால், வீட்டுக்குப் போகும் முன் முன்வரிசைக்கு வந்து உங்கள் தலைவரிடமோ தலைவியிடமோ பேரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.